வியன்னா: இசைத் தலைநகரின் பெருமிதத்தில் யார் யாருக்கு இடம்?

நெடுவழி எழுதியது:

தன் பண்பாட்டைப் பற்றி வியன்னா கொள்ளும் பெருமிதத்திற்கு ஈடாக இன்னொரு ஐரோப்பியத் தலைநகரைச் சொல்வது கடினம். அங்கே இசை ஒரு பொழுதுபோக்கு அன்று. நகரத்தின் அடையாள அட்டை. ஜனவரி முதல் நாளன்று முசிக்வெரைன் பொன் மண்டபத்திலிருந்து வியன்னா பில்ஹார்மோனிக் வழங்கும் புத்தாண்டுக் கச்சேரியைத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் மக்கள் தொலைக்காட்சியில் காண்கிறார்கள். அந்தக் கச்சேரி பழங்கால மரபு என்றே பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது முதன்முதலில் நடந்தது 1939 டிசம்பர் 31 அன்று, நாஜி ஆட்சியின் குளிர்கால நிவாரண நிதிக்காக. அப்போது அந்தக் குழு தன் யூத உறுப்பினர்களை வெளியேற்றி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அவர்களில் ஐவர் பின்னர் முகாம்களிலும் கெட்டோக்களிலும் மாண்டனர். 1942 வாக்கில் குழுவின் 123 பேரில் 60 பேர் நாஜிக் கட்சியின் உறுப்பினர்கள்.

இதையும்விட என்னை யோசிக்க வைத்தது வால்ட்ஸ் இசையின் அரசர் எனப்படும் யோஹான் ஸ்ட்ராவுஸின் குடும்ப வரலாறு. அவருடைய கொள்ளுப்பாட்டனார் புடா நகரிலிருந்து வந்த, கிறிஸ்தவராக மதம் மாறிய யூதர். 1762-இல் புனித ஸ்டீபன் பேராலயத்தில் நடந்த அவருடைய திருமணம் பதிவேட்டில் அப்படியே இருந்தது. கண்டுபிடித்த நாஜி அதிகாரிகளுக்குத் தர்மசங்கடம்: ஸ்ட்ராவுஸைத் தடை செய்தால் மக்கள் விரும்பும் இசை போய்விடும், தடை செய்யாவிட்டால் இனக்கோட்பாடு போய்விடும். எனவே 1941-இல் பதிவேட்டைக் கைப்பற்றி, அந்த ஒரு பதிவு இல்லாத நகலைத் திருப்பித் தந்தார்கள். பாட்டனை மாற்ற முடியாத அரசு தாளை மாற்றிக்கொண்டது.

என் கேள்வி இதுதான். எவர் எவரிடமிருந்து தன் பெருமையைப் பெற்றதோ அவர்களையே 'நம்மவர்' என்று ஏற்க வியன்னா ஏன் தொடர்ந்து தயங்கியது? இது நாஜிக் காலத்தோடு முடிந்த கதையா, இல்லை அதற்கு முன்னும் பின்னும் நீளும் கதையா? விவரம் அறிந்த நண்பர்கள் எழுத வேண்டுகிறேன்.

மறுபக்கம் எழுதியது:

நெடுவழி ஐயாவின் தகவல்கள் சரியானவை. ஆனால் அவற்றிலிருந்து கேள்விக்குத் தாவியிருக்கும் விதம் எனக்கு உடன்பாடில்லை. 1938 முதல் 1945 வரை நடந்ததை மட்டும் எடுத்து ஒரு நகரத்தின் இயல்பு இன்னது என்று முடிவு கட்டினால், ஐரோப்பாவில் தேறும் நகரம் ஒன்றும் மிஞ்சாது. வியன்னாவின் கணக்கில் வேறு பதிவுகளும் உள்ளன. பேரரசர் இரண்டாம் யோசேப்பு 1782-இலேயே வியன்னா யூதர்களுக்குச் சகிப்புத்தன்மை ஆணையை வெளியிட்டார். 1912-இல், மேற்கு ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகள் நினைத்தும் பார்க்காத நிலையில், அப்போது ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசு இஸ்லாத்தைச் சட்டப்படி அங்கீகரித்தது. செக் மொழியினருக்காக 1872-இல் தொடங்கப்பட்ட கொமென்ஸ்கி சங்கத்தின் பள்ளி இன்றும் நகரத்தின் மூன்றாம் வட்டத்தில் நடக்கிறது.

இன்னொன்று. பண்பாட்டுப் பெருமிதமும் சிறுபான்மையினர் மீதான மனப்பான்மையும் தனித்தனிச் செய்திகள். ஓபராவை நேசிப்பவர் அண்டை வீட்டாரை வெறுக்கலாம்; ஓபரா என்றால் என்னவென்றே அறியாதவரும் வெறுக்கலாம். இரண்டையும் ஒரே முடிச்சில் போடுவதற்குச் சான்று வேண்டும்.

பழைய ஏடு எழுதியது:

மறுபக்கம் கேட்கும் சான்று நாஜிகளுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கிடைக்கிறது. இரண்டும் முடிச்சுப் போடப்பட்டது வியன்னாவின் நகராட்சி மன்றத்திலேயேதான்.

முதலில் கட்டடங்களைப் பார்ப்போம். சுற்றுலாப் பயணிகள் வியந்து பார்க்கும் ரிங் சாலை 1857-இல் பேரரசர் பிரான்ஸ் யோசேப்பின் ஆணைப்படி, பழைய கோட்டை மதிலை இடித்து அமைக்கப்பட்டது. அதன் இருமருங்கிலும் உள்ள மாளிகைகளில் பலவற்றை எஃப்ரூசி, டொடெஸ்கோ, எப்ஸ்டைன் போன்ற யூதக் குடும்பங்கள் கட்டின. செங்கல்லோ நகரின் தெற்கே வீனர்பெர்க் சூளைகளிலிருந்து வந்தது. அங்கே வேலை செய்தவர்கள் பொஹீமியாவிலிருந்தும் மொராவியாவிலிருந்தும் வந்த செக் கூலிகள். 1888-இல் விக்டர் ஆட்லர் என்ற மருத்துவர் (அவரும் பிராகில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்தான்) சூளைகளுக்குள் மறைவாகச் சென்று பார்த்து, கண்டதைத் தம் இதழில் எழுதினார். கூலி பணமாகத் தரப்படவில்லை. தகரத் துண்டுகளாகத் தரப்பட்டது. அந்தத் துண்டுகள் சூளைக்கு உள்ளே இருந்த கடைகளில் மட்டுமே செல்லும், அங்கே விலையோ வெளியைவிட அதிகம். மணமாகாதவர்கள் சூளைகளின் மீதே படுத்துறங்கினார்கள். மற்றவர்கள் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக ஒரே கூடத்தில் நாற்பது, ஐம்பது பேர் என்று அடைந்து கிடந்தார்கள். 1869-இல் ஓபராவும் 1883-இல் நாடாளுமன்றமும் நகர மன்றமும் 1888-இல் பர்க் நாடக அரங்கும் எழுந்த அதே காலம் இது.

இனி அரசியல். கார்ல் லூகர் 1897 முதல் 1910 வரை மேயராக இருந்தார். யூத வெறுப்பை வாக்காக மாற்றும் கலையை ஐரோப்பாவின் பெருநகர் ஒன்றில் முதலில் வெற்றிகரமாகச் செய்து காட்டியவர் அவர். வியன்னாவில் இளமையைக் கழித்த ஹிட்லர் அவரைப் பாராட்டி எழுதியிருக்கிறார். பேரரசரே அவருடைய தேர்வைப் பலமுறை ஏற்க மறுத்துப் பின்னர்தான் இசைந்தார். இதே லூகர்தான் எரிவாயு, டிராம், குடிநீர் ஆகியவற்றை நகராட்சியின் கைக்குக் கொண்டுவந்தவர். வியன்னா மக்கள் இன்றும் பெருமையோடு குடிக்கும் மலையூற்று நீரின் இரண்டாம் குழாய்த் தடம் 1910-இல் முடிந்தது. 1900-இல் அவர் காலத்தில் இயற்றப்பட்ட நகரச் சட்டத்தின்படி, நகரவாசி உரிமை பெறுகிறவர் ஒவ்வொருவரும் நகரத்தின் ஜெர்மானியத் தன்மையைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். செக் தொழிலாளியின் செங்கல்லை ஏற்ற நகரம், அவன் வாயிலிருந்து இந்த உறுதிமொழியையும் பெற்றுக்கொண்டது. பண்பாட்டுப் பெருமிதம் இங்கே சட்டமாகவே இருக்கிறது, மறுபக்கம் அவர்களே.

யூதராகப் பிறந்த இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் கதையும் அதே 1897-ஐச் சேர்ந்தது. அரசவை ஓபராவின் இயக்குநர் பதவி யூதருக்குக் கிடைக்காது என்பதால் அவர் அவ்வாண்டு பிப்ரவரியில் கத்தோலிக்கராகத் திருமுழுக்குப் பெற்றார், அக்டோபரில் இயக்குநரானார். பத்தாண்டுகள் அந்த அரங்கைத் தலைகீழாக மாற்றிக் காட்டினார். யூத எதிர்ப்புப் பத்திரிகைகள் அவரை ஒருநாளும் விடவில்லை. 1907-இல் விலகி நியூயார்க் சென்றார். அவருடைய பெயர் தாங்கிய கூடம் இன்று அதே ஓபராவுக்குள் இருக்கிறது.

டான்யூப் கரை எழுதியது:

நான் வியன்னாவில் வசிப்பவன், ஓபராவை விரும்புகிறவன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே நின்று பார்க்கும் இடத்திற்குக் குறைந்த விலைச் சீட்டே போதும். முன்கூட்டியே போய், கம்பியில் ஒரு துண்டையோ சால்வையையோ கட்டிவிட்டால் அந்த இடம் உங்களுடையது. வெளியே போய்க் காப்பி குடித்துவிட்டு வரலாம், யாரும் அதை அவிழ்க்க மாட்டார்கள். இந்த ஒழுங்கில் தோல் நிறம் பார்ப்பதை நான் கண்டதில்லை. நகரத்தின் பெருமிதம் முழுவதும் கெடுமதி என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆனால் மேலே பேசப்படும் வரலாறு முடிந்த கதை அன்று. 1964-இல் துருக்கியோடும் 1966-இல் யூகோஸ்லாவியாவோடும் ஆஸ்திரியா தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டது. வந்தவர்கள் சில காலம் உழைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள் என்பதே எண்ணம். திரும்பவில்லை, பிள்ளைகள் இங்கேயே பிறந்தார்கள். 1973-இல் நகரெங்கும் ஒட்டப்பட்ட விளம்பரச் சுவரொட்டி ஒன்று இன்றும் பேசப்படுகிறது. தோல் காற்சட்டை அணிந்த உள்ளூர்ச் சிறுவன் ஒருவன், உயரமான பால்கன் தொழிலாளி ஒருவரை அண்ணாந்து பார்த்துக் கேட்கிறான்: 'என் பெயரும் கோலாரிச், உன் பெயரும் கோலாரிச், உன்னை மட்டும் ஏன் சூஷ் என்கிறார்கள்?' கடைசிச் சொல் தெற்கு ஸ்லாவியரை இழித்துக் கூறும் வசை. சுவரொட்டியின் குத்தல் வியன்னாக்காரர்களுக்கு உடனே புரிந்திருக்கும், ஏனெனில் நோவாக், ஸ்வோபோடா, புரோஹாஸ்கா என்று செக் குடும்பப் பெயர்கள் வாயிற்கதவுகளின் அழைப்பு மணிப் பலகைகளில் வரிசையாக நிற்கும் ஊர் இது. சூளைக் கூலியின் பேரன், அடுத்து வந்த கூலியைப் பார்த்து முகம் சுளித்தான்.

வீட்டு வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். நகராட்சிக் குடியிருப்புகள் வியன்னாவின் இரண்டாவது பெருமிதம். 1919 முதல் 1934 வரை மட்டும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் உட்பட. உலகமே வந்து பார்த்துப் பாடம் படிக்கும் இந்த ஏற்பாட்டில், ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கு 2006 வரை பெரும்பாலும் இடமில்லை. ஒன்றியத்தின் நெறிமுறை வற்புறுத்திய பின்னரே கதவு திறந்தது. அதுவரை அவர்கள் தனியார் வீட்டுக்காரர்களிடம், பழைய இருண்ட வீடுகளுக்கு அதிக வாடகை கொடுத்தார்கள்.

நான் வீடு தேடிய காலத்தில் தொலைபேசியில் என் ஜெர்மன் உச்சரிப்பைப் பாராட்டிய முகவர் ஒருவர், நேரில் என்னைக் கண்டதும் வீடு 'நேற்றே போய்விட்டது' என்றார். அவரோடு எனக்குச் சண்டை இல்லை. விளம்பரம் மட்டும் அதற்குப் பிறகும் சில வாரங்கள் இருந்தது.

மறுபக்கம் எழுதியது:

டான்யூப் கரை அண்ணாவின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை இந்த இழை கவனிக்கவில்லை. நகரம் வேறு, நாடு வேறு. போருக்குப் பின் வியன்னாவை ஆண்டவர்கள் சமூக ஜனநாயகர்கள். வெளிநாட்டவர் எதிர்ப்பையே மூலதனமாகக் கொண்ட சுதந்திரக் கட்சி நடுவண் அரசில் பங்கு பெற்றிருக்கிறது. வியன்னாவின் மேயர் நாற்காலியில் அமர்ந்ததில்லை. ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வந்தவர்களும் வட்ட மன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று வியன்னா சட்டமன்றம் 2002-இல் சட்டம் இயற்றியது. வாக்குரிமை குடியுரிமையோடு பிணைந்தது என்று கூறி அரசியலமைப்பு நீதிமன்றம் 2004-இல் அதை நீக்கியது. நகரம் முயன்றது, நாடு தடுத்தது. குற்றப்பத்திரிகையில் இதையும் எழுதுவதுதானே நியாயம்?

நெடுவழி எழுதியது:

நியாயம்தான், எழுதுவோம். ஆனால் மேயர் நாற்காலியில் அமராத கட்சிக்கு அந்த நகரத்தில் எவ்வளவு பேர் வாக்களித்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்: 2010-இல் நான்கில் ஒருவர், 2015-இல் முப்பது விழுக்காட்டுக்கும் மேல். 2005-இல் அக்கட்சியின் முழக்கம் 'வியன்னா இஸ்தான்புல் ஆகிவிடக் கூடாது' என்பது. 2010-இல் 'நம் வியன்னா இரத்தத்திற்கு இன்னும் துணிவு வேண்டும். அந்நியம் மிகுந்தால் யாருக்கும் நல்லதன்று' என்ற பொருளில் எதுகையோடு ஒரு முழக்கம். 'வியன்னா இரத்தம்' என்பது 1873-இல் யோஹான் ஸ்ட்ராவுஸ் அமைத்த வால்ட்ஸின் பெயர். புடாவிலிருந்து வந்த யூதரின் கொள்ளுப்பேரன் தந்த தலைப்பு, அந்நியர் வேண்டாம் என்னும் சுவரொட்டிக்குப் பயன்பட்டிருக்கிறது. பண்பாட்டுப் பெருமிதமும் மனப்பான்மையும் தனித்தனி என்று முன்பு எழுதினீர்கள். இந்தச் சுவரொட்டியில் அவை எங்கே பிரிகின்றன என்று காட்டுங்கள்.

சிறுபான்மைச் சட்டத்தையும் பார்த்துவிடலாம். 1976-ஆம் ஆண்டின் இனக்குழுச் சட்டத்தின் கீழ் இன்று ஆறு குழுக்களுக்கு ஏற்பு உண்டு: குரோவாத்தியர், ஸ்லொவேனியர், ஹங்கேரியர், செக்கர், ஸ்லோவாக்கியர், 1993-இல் சேர்க்கப்பட்ட ரோமா. சிறுபான்மை என்று ஏற்கப்பட, அந்த மண்ணிலேயே நெடுங்காலமாக வேர் விட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வியன்னாவில் செக் மொழி பேசுவோரைவிடப் பன்மடங்கு அதிகமாக உள்ள செர்பியருக்கும் துருக்கியருக்கும் அந்த ஏற்பு இல்லை. ஒரு சிறுபான்மை சிறுத்துத் தேய்ந்த பிறகே பாதுகாக்கத் தகுந்ததாகிறது என்று இதைப் படித்தால் தவறா?

கல்வெட்டு எழுதியது:

இந்த இழைக்குப் புதியவன். நினைவுச் சின்னங்களைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் வருகிறேன்.

போருக்குப் பின் ஆஸ்திரியா தன்னை ஹிட்லரின் முதல் பலி என்று அறிமுகப்படுத்திக்கொண்டது. 1943-இல் நேச நாடுகள் மாஸ்கோவில் வெளியிட்ட அறிக்கையில் அந்தச் சொற்றொடர் இருந்தது வசதியாகப் போயிற்று. 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்தபோது ஹீரோக்கள் சதுக்கத்தில் திரண்டு ஆரவாரித்த பெருங்கூட்டம் கதையிலிருந்து காணாமற்போனது. மொசார்ட்டும் ஓபராவும் முன்னுக்கு வந்தன. 1986-இல் முன்னாள் ஐ.நா. பொதுச் செயலாளர் வால்ட்ஹைம் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோது, அவர் மறைத்திருந்த போர்க்காலப் பணி வெளிவந்து அந்தத் திரை கிழிந்தது. ஆஸ்திரியர்களும் குற்றத்தில் பங்கேற்றார்கள் என்று 1991-இல்தான் பிரதமர் பிரானிட்ஸ்கி நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

1988-இல் ஓபராவின் பின்புறம், ஆல்பெர்ட்டினா சதுக்கத்தில், சிற்பி ஹிர்ட்லிச்கா ஒரு நினைவுச் சின்னத்தை அமைத்தார். 1938-இல் நாஜிகள் நுழைந்தவுடன் வியன்னா யூதர்களை மண்டியிடச் செய்து, தெருவில் எழுதப்பட்டிருந்த முழக்கங்களைத் தூரிகையால் தேய்க்க வைத்தார்கள். அண்டை வீட்டார் சுற்றி நின்று சிரித்தார்கள். அப்படித் தேய்க்கும் முதியவரை வெண்கலத்தில் குனிந்த நிலையில் வார்த்திருக்கிறார். களைத்து வந்தவர்கள் அந்த முதுகை இருக்கையாக்கி அமர்ந்தார்கள். எனவே முதுகின் மேல் முள்கம்பி பொருத்த வேண்டியதாயிற்று. அச்சிற்பத்தின் விமர்சகர்கள் பலர், யூதர்களை என்றென்றைக்கும் மண்டியிட்ட நிலையிலேயே காட்டுவது எப்படி அவர்களுக்கான மரியாதை என்று கேட்டார்கள். யூதர் சதுக்கத்தில் 2000-இல் ரேச்சல் வைட்ரீட் அமைத்த, ஏடுகளின் முதுகு உட்புறம் திரும்பிய கான்கிரீட் நூலகம் அக்கேள்விக்கு இன்னும் கண்ணியமான விடை என்பது என் கருத்து.

லூகர் சிலை இன்னும் நிற்கிறது. அவர் பெயரிலிருந்த ரிங் சாலைப் பகுதி 2012-இல் பல்கலைக்கழக ரிங் ஆயிற்று. சிலையை என்ன செய்வது என்று நெடுநாள் விவாதித்து, 2023-இல் அதை 3.5 பாகை சாய்த்து வைக்கும் கலைத்திட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அகற்றவும் மனமில்லை, நிமிர்த்தி வைக்கவும் மனமில்லை. இப்படியொரு தீர்வு வியன்னாவில்தான் தோன்ற முடியும்.

பழைய ஏடு எழுதியது:

காப்பியைச் சொல்லாமல் வியன்னாவைப் பேசுவது எப்படி? 1683 துருக்கிய முற்றுகை முறிந்தபோது விட்டுச்செல்லப்பட்ட காப்பிக்கொட்டை மூட்டைகளைக் கொண்டு கோல்ஷிட்ஸ்கி என்பவர் முதல் காப்பிக்கடையைத் திறந்தார் என்பது நகரம் விரும்பும் கதை. அவருக்குச் சிலையும் தெருவும் உண்டு. ஆவணங்களின்படி காப்பி விற்கும் உரிமத்தை 1685-இல் பெற்றவர் யோஹான்னஸ் டியோடாத்தோ என்ற ஆர்மீனிய வணிகர். அவருக்கு ஒரு சிறு பூங்கா. வெற்றிக் கதையோடு வருகிற அந்நியருக்கு வெண்கலமும், வெறும் வணிகம் செய்ய வந்த அந்நியருக்குப் புல்தரையும் கிடைத்திருக்கின்றன.

டான்யூப் கரை எழுதியது:

வாக்குரிமைக்குத் திரும்புகிறேன், ஏனெனில் என் பார்வையில் மற்ற எல்லாம் அங்கேதான் வந்து முட்டுகிறது. 2023-இல் வியன்னாவின் மக்கள்தொகை மீண்டும் இருபது இலட்சத்தைத் தாண்டியது. முதல் உலகப் போருக்கு முன் பேரரசின் தலைநகராக இருந்தபோதும் அவ்வளவே. இன்றைய நகரவாசிகளில் வாக்களிக்கும் வயதை எட்டியவர்களுள் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டோர் குடியுரிமை இல்லாததால் நகர மன்றத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. ஆஸ்திரியாவில் வாக்களிக்கும் வயது 16. குடியேறியவர்கள் மிகுந்த ஓட்டாக்ரிங் போன்ற வட்டத்தின் ஒரு பள்ளி வகுப்பில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருக்கும் இருவரில் ஒருவர் வாக்களிப்பார், மற்றவர் வேடிக்கை பார்ப்பார். இருவரும் பிறந்தது ஒரே மருத்துவமனையாகவும் இருக்கலாம். குடியுரிமைக்குப் பொதுவாகப் பத்தாண்டு வசிக்க வேண்டும், இங்கே பிறந்தவருக்கு ஆறாண்டு. ஆனால் வருமானக் கணக்கு உண்டு, கட்டணம் உண்டு, பழைய குடியுரிமையைத் துறக்கவும் வேண்டும். கடைகளில் பொருள் அடுக்குபவரும் முதியோர் இல்லத்தில் பணிபுரிபவரும் அந்த வருமானக் கணக்கிலேயே தட்டிவிடுகிறார்கள். 2013 முதல் ஒரு மனித உரிமை அமைப்பு, கடவுச்சீட்டு எதுவாயினும் வாக்களிக்கலாம் என்று அடையாளத் தேர்தல் நடத்தி வருகிறது. பெட்டி உண்டு, சீட்டு உண்டு, முடிவும் அறிவிப்பார்கள். அந்த முடிவுக்குச் சட்ட மதிப்பு மட்டும் இல்லை.

2020 செப்டம்பர் முதல், நாஜிகளால் விரட்டப்பட்டவர்களின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரை, இருக்கும் குடியுரிமையைத் துறக்காமலே ஆஸ்திரியக் குடியுரிமை பெறலாம். நான் அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் இரட்டைக் குடியுரிமையால் நாட்டுப்பற்று குலையும் என்று இத்தனை காலம் சொன்ன வாதம் அந்தச் சட்டத்தால் எந்தச் சேதமும் அடையவில்லை என்றால், அதே வாதத்தை ஓட்டாக்ரிங் பிள்ளையிடம் மட்டும் ஏன் சொல்கிறார்கள்?

மறுபக்கம் எழுதியது:

அந்த ஒப்பீட்டை ஏற்க மாட்டேன். பறித்ததைத் திருப்பித் தருவதும் புதிதாக ஒன்றைத் தருவதும் சமமல்ல. முன்னதற்கு நிபந்தனை விதிப்பதே அநீதி. ஆனால் வருமானக் கணக்கைப் பற்றி நீங்கள் எழுதியது வேறு வகை. உழைக்கிறவரை ஏழை என்பதற்காக வெளியே நிறுத்தும் விதிக்கு என்னிடம் வாதம் இல்லை, அதைத் தளர்த்தலாம். பிறந்தவுடன் குடியுரிமை என்பதற்கு மட்டும் உடன்பட மாட்டேன். குழந்தையின் பெற்றோர் அங்கே தங்குவார்களா என்பதே தெரியாத நிலையில் அரசு அவசரப்படத் தேவையில்லை.

டான்யூப் கரை எழுதியது:

தங்குவார்களா என்று 1964-இலும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள், தம்பி. அப்போது வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது பள்ளி முடிக்கிறார்கள். ஐந்தாண்டு வசித்த பெற்றோரின் குழந்தைக்குப் பிறக்கும்போதே குடியுரிமை என்று வைத்தால் உங்கள் ஐயமும் தீரும், அந்தப் பிள்ளைகளின் காத்திருப்பும் தீரும். இதற்கு நீங்கள் உடன்படுவீர்களா என்று எழுதுங்கள்.